முதலில் கூரை, பிறகு தகடு!

கடந்த மே மாதத்தின் ஒரு நண்பகல். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில், கல்லூரியில் என்னிடம் பயின்ற மாணவர் ஒருவரின் வீட்டுக்குத் திருமண அழைப்பிதழ் கொடுக்கச் சென்றிருந்தேன். அவருடைய தந்தை பட்டு நெசவாளர். வீட்டின் முன்னறை முழுவதையும் குழித்தறி அடைத்துக்கொண்டிருந்தது. பாதி நெய்த சேலையின் மீது வெள்ளைத் துணி போர்த்தப்பட்டிருந்தது. தறியில் யாரும் இல்லை. குடும்பமே எதிர்வீட்டு வேப்பமர நிழலில் அமர்ந்திருந்தது.

'இந்த நேரத்தில் உள்ளே உட்கார முடியாது சார். விடியற்காலை அஞ்சரைக்குத் தறியில இறங்கினா பத்தரைக்கு எழுந்துடுவோம். அப்புறம் நாலு மணிக்கு மேலதான்' என்றார் அந்தப் பெரியவர். கூலி, நெய்த சேலைக்குத்தான். காத்திருந்த நேரத்துக்கு இல்லை. நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வெயில் அவருடைய கூலியைப் பிடித்துக்கொள்கிறது.

விடைபெறும்போது அவர் ஒன்று கேட்டார்: 'உங்க வீட்டு மாடியில சோலார் போட்டிருக்கீங்களாமே சார், எங்களுக்கும் கிடைக்குமா?'

அந்தக் கேள்விக்கு அன்று என்னால் நேரான விடை கூற இயலவில்லை. இந்தக் கட்டுரை அந்த விடையைத் தேடும் முயற்சி.

முதலில் என் வீட்டுக் கதை. 2024 பிப்ரவரியில் மத்திய அரசு, 'பிரதமரின் சூரிய வீடு' இலவச மின்சாரத் திட்டத்தைத் தொடங்கியது. ஒரு கோடி வீடுகள் இலக்கு, ஒதுக்கீடு ரூ. 75,021 கோடி. 2 கிலோவாட் வரை, கிலோவாட் ஒன்றுக்கு ரூ. 30,000 மானியம், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் மொத்தம் ரூ. 78,000. சொந்த வீடும், ஓய்வூதியமும், தகடு பதிக்கப் போதுமான மாடியும் உள்ள நான் விண்ணப்பித்தேன், மானியம் கிடைத்தது. மின் கட்டணம் வெகுவாகக் குறைந்தது. மகிழ்ச்சிதான்.

ஆனால், ஒரு மழைக்கால இரவில் காற்றோடு மழை பெய்து தெருவில் மின்சாரம் நின்றபோது, எங்கள் வீடும் இருளில் மூழ்கியது. மறுநாள் பகலில் வானம் ஓரளவு வெளுத்த பிறகும், மாடியில் 3 கிலோவாட் தகடுகள் இருந்தும், வீட்டில் ஒரு மின்விசிறிகூடச் சுழலவில்லை. பழுது என்று எண்ணித் தொழில்நுட்பப் பணியாளரை அழைத்தேன். பழுது ஒன்றுமில்லை என்றார் அவர். மின் வாரியக் கம்பியோடு இணைந்த இன்வெர்ட்டர், கம்பியில் மின்சாரம் இல்லாதபோது தானாகவே நின்றுவிடும். அவ்வாறு நிற்காவிட்டால், கம்பத்தில் ஏறிப் பழுது பார்க்கும் ஊழியர் மீது என் வீட்டு மின்சாரம் பாயும். அது அவசியமான பாதுகாப்பு ஏற்பாடு. பேட்டரியும் அதற்கேற்ற இன்வெர்ட்டரும் இருந்தால் மட்டுமே மின்தடையின்போது தகடு கைகொடுக்கும்.

அதாவது, மின் கட்டணத்தைக் குறைக்கும் ஒரு சாதனத்தை நான் வாங்கியிருக்கிறேனே தவிர, தன் காலில் நிற்கும் ஒரு வீட்டை அமைத்துக்கொள்ளவில்லை. இந்த வேறுபாட்டை நம் திட்டங்களும் கவனிக்கவில்லை.

மின் கம்பியைச் சாராத வீட்டை அமைக்கும் கலையை, உறைபனி பொழியும் நாடுகளிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டும். அங்கு சூரிய ஒளி மிகக் குறைவாகக் கிடைக்கும் மாதங்களில்தான் வீட்டைச் சூடாக்கும் தேவை மிக அதிகம். தேவை உச்சத்திலும் வரவு அடிமட்டத்திலும் இருக்கும் அந்தப் பருவத்துக்காக, வெறும் தகடுகளையும் பேட்டரிகளையும் அடுக்கிக்கொண்டே போனால் செலவு கட்டுக்கடங்காது. எனவே அவர்கள் வீட்டின் தேவையை முதலில் குறைத்தார்கள். தகட்டின் அளவை அதன் பிறகே தீர்மானித்தார்கள்.

ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் 1991-இல் மக்கள் குடியேறிய நான்கு வரிசை வீடுகள் இதற்கு முன்னோடி. தடித்த வெப்பக் காப்பு, காற்று கசியாத இணைப்புகள், மூன்றடுக்குக் கண்ணாடி ஜன்னல்கள் ஆகியவற்றால் வீட்டுக்குள் இருக்கும் வெப்பம் வெளியேறாமல் காக்கப்பட்டது. இந்த முறையில் கட்டப்படும் வீட்டைச் சூடாக்க, ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 15 யூனிட்டுக்கு மேல் வெப்ப ஆற்றல் தேவைப்படக் கூடாது என்பதே இதன் வரையறை.

நம் நாட்டிலேயே, லடாக்கில், லே நகருக்கு அருகே ஃபே கிராமத்தில் உள்ள செக்மோல் அமைப்பின் கல்வி வளாகம் மற்றோர் எடுத்துக்காட்டு. 1988-இல் சோனம் வாங்சுக் உள்ளிட்ட இளைஞர்கள் தொடங்கிய அமைப்பு அது. தடித்த மண் சுவர்கள், வெயிலை உள்வாங்கத் தெற்கு நோக்கிய பெரிய ஜன்னல்கள், குளிர்காலத்தில் முகப்பை மூடும் நெகிழித் தாள் - அவ்வளவுதான். வெளியே வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே வெகுவாக இறங்கும் நாள்களிலும், விறகோ எண்ணெயோ எரிக்காமல் மாணவர்கள் உள்ளே அமர்ந்து படிக்கிறார்கள். அங்கு சூரியனின் வேலையில் பெரும்பகுதியைச் செய்வது சுவர். மீதமுள்ள சிறு தேவைக்கே தகடு.

காஞ்சிபுரத்துக்கும் பனி நாட்டுக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் கேட்கலாம். திசை எதிரானது, கணக்கு ஒன்றே. அவர்களுக்கு வெப்பம் வெளியேறக் கூடாது. நமக்கு வெப்பம் உள்ளே வரக் கூடாது. அவர்களுக்கு ஒரே சோதனைக் காலம், நமக்கு இரண்டு. ஒன்று, கத்திரி வெயில். மற்றொன்று, வடகிழக்குப் பருவமழை. முதலாவதில் தேவை உச்சம். இரண்டாவதில் மேகம் சூரியனை மறைக்கும். புயல் கம்பத்தைச் சாய்க்கும். 2015 பெருமழையையும், 2016 டிசம்பர் 12-இல் வீசிய வர்தா புயலையும் அடுத்து மின்சாரமின்றிக் கழிந்த நாள்களை வட தமிழகம் மறந்திருக்காது.

கத்திரி வெயிலை எடுத்துக்கொள்வோம். காஞ்சிபுரம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 12.8 டிகிரியில் உள்ளது. ஏப்ரல் கடைசி வாரத்தில் நண்பகல் சூரியன் இங்கு நேர் உச்சியில் நிற்கிறது. அப்போது சுவரைவிடக் கூரையே அதிக வெயிலை வாங்குகிறது. தரைத்தளம் மட்டுமே உள்ள கான்கிரீட் வீட்டில் அந்த வெப்பம் மெல்ல இறங்கி, மாலையிலும் இரவிலும் உள்ளே இருப்பவர்களின் தலைமீது வீசுகிறது. மின்விசிறி அந்தச் சூட்டைக் குறைப்பதில்லை. சூடான காற்றைத்தான் சுழற்றுகிறது.

நம் முன்னோர் இதை அறியாதவர்கள் அல்லர். பழைய நெசவாளர் வீடுகளில் நாட்டு ஓடும், மண் சுவரும், திண்ணையும், முற்றமும் இருந்தன. ஓட்டின் இடுக்குகள் வழியே சூடான காற்று வெளியேறியது. வசதியுள்ளோர் வீடுகளில் செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த கனத்த 'மெட்ராஸ் டெரஸ்' இருந்தது. பட்டு இழை வறண்டால் அறும் என்பதால்தான் மண்ணில் குழி வெட்டித் தறி அமைத்தார்கள். தரையின் ஈரம் இழையைக் காத்தது. பழமையை நான் போற்றிப் பாடவில்லை. ஓட்டு வீடு ஒழுகும். மழைக்காலத்தில் தறிக்குழியில் ஊற்று நீர் சுரந்து வேலை நிற்கும். கான்கிரீட் வீட்டை மக்கள் விரும்பியதில் நியாயம் உண்டு. ஒழுகலுக்குத் தீர்வு கண்ட நாம், அதனோடு வந்த வெப்பத்துக்குத் தீர்வு காணவில்லை என்பதே என் வருத்தம்.

சூரிய ஒளி வீட்டில் தமிழகம் முன்னோடி மாநிலம். 2011-12-இல் தொடங்கப்பட்ட 'முதலமைச்சரின் சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டம்' குறிப்பிடத்தக்க முயற்சி. ஆண்டுக்கு 60,000 வீடுகள், ஒவ்வொன்றும் 300 சதுர அடி, வீட்டுக்கு ரூ. 1.80 லட்சம், அதில் ரூ. 30,000 சூரிய விளக்குகளுக்கு. படுக்கையறை, கூடம், சமையலறை, கழிப்பறை, தாழ்வாரம் என ஐந்து இடங்களில் சூரிய ஒளியில் எரியும் விளக்குகள். மின்தடையால் தமிழகம் தவித்த அந்நாளில், ஏழையின் வீட்டில் விளக்கு எரிய வழிசெய்த திட்டம் அது.

எனினும் அந்த வீட்டின் கூரை, வழக்கமான கான்கிரீட் கூரைதான். விளக்கைப் பற்றிச் சிந்தித்த திட்டம் வெப்பத்தைப் பற்றிச் சிந்திக்கவில்லை. மாடியில் பசுமை, அறைக்குள் புழுக்கம். அதே பாதையில் இன்றைய 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தில் ரூ. 3.50 லட்சத்தில் 360 சதுர அடி வீடுகள் கட்டப்படுகின்றன. கட்டப்படும் ஒவ்வொரு கூரையும் இன்னும் 40 ஆண்டுகளாவது நிலைத்து நிற்கும். கட்டும்போது செய்யும் தவறுக்கு, அதில் வாழ்பவர் ஆயுள் முழுவதும் வட்டி கட்டுகிறார்.

இனி ஒரு சிறு கணக்கு. ஒரு நெசவாளர் வீட்டில் 75 வாட் மின்விசிறிகள் மூன்று, நாளொன்றுக்கு 14 மணி நேரம் ஓடுகின்றன என்போம். சோக்கோடு சேர்த்து 50 வாட் இழுக்கும் பழைய குழல் விளக்குகள் மூன்று, ஆறு மணி நேரம் எரிகின்றன. மொத்தம் சுமார் 4 யூனிட். அவற்றுக்குப் பதிலாக, இப்போது கடைகளில் கிடைக்கும் 30 வாட் பிஎல்டிசி மின்விசிறிகளையும் 20 வாட் எல்இடி குழல் விளக்குகளையும் பொருத்தினால், அதே காற்றுக்கும் அதே வெளிச்சத்துக்கும் ஆகும் செலவு 1.6 யூனிட். அறுபது விழுக்காடு குறைவு.

இப்போது இரண்டு நாள் வெயிலே இல்லை என்று வைத்துக்கொண்டு பேட்டரியைக் கணக்கிடுவோம். வீடுகளில் வழக்கமாக உள்ள 150 ஆம்பியர்-மணி, 12 வோல்ட் பேட்டரியில் அடங்குவது 1.8 யூனிட், அதன் ஆயுளைக் காக்க, பாதியளவு மட்டுமே பயன்படுத்த வேண்டும். பழைய சாதனங்கள் என்றால் இத்தகைய பேட்டரிகள் ஒன்பது தேவை. புதியவை என்றால் நான்கு போதும். தறியின் மேலுள்ள இரண்டு விளக்குகள் ஐந்து மணி நேரமும், ஒரே ஒரு மின்விசிறி எட்டு மணி நேரமும் இயங்கினால் போதும் என்றால், ஒற்றைப் பேட்டரியே இரண்டு நாள் தாங்கும். ஒன்பதிலிருந்து ஒன்றுக்கு நம்மை இறக்கியது தகடு அல்ல. தேவையைச் சீர்செய்த திட்டமிடல்.

இவ்வளவு எளிதான லாபத்தை மக்கள் ஏன் தாமாகவே தேடிக்கொள்வதில்லை? இங்குதான் பொருளாதாரம் நுழைகிறது.

கைத்தறி நெசவாளர்களுக்கு இரு மாதத்துக்கு 200 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரம், 2023-இல் 300 யூனிட்டாக உயர்த்தப்பட்டது. நலிந்த தொழிலுக்குத் தேவையான உதவி அது. அதைக் குறைக்க வேண்டும் என்று நான் கூறவில்லை. ஆனால், மேலே கண்ட வீட்டின் பழைய சாதனங்களே இரு மாதத்தில் சுமார் 243 யூனிட்தான் இழுக்கும். வரம்புக்குள் அடங்கிவிடுகிறது. ரூ. 3,000 கொடுத்துச் சிக்கனமான மின்விசிறி வாங்கினால் நெசவாளருக்கு மிச்சமாகும் தொகை பூஜ்யம். அவர் வாங்காதது அறியாமையால் அல்ல. அவருடைய கணக்கு சரியானது. மிச்சம் முழுவதும் அரசுக்கே சேரும். எனவே, அந்த முதலீட்டைச் செய்ய வேண்டியவரும் அரசே.

அந்த முதலீடு வீண்போகாது. ஆண்டில் 300 நாள்களுக்குக் கணக்கிட்டால் ஒரு வீட்டில் ஏறத்தாழ 730 யூனிட் மிச்சமாகும். மானியச் சுமையை யூனிட்டுக்கு ரூ. 8 என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு ரூ. 5,800-க்கு மேல். மூன்று மின்விசிறிக்கும் மூன்று விளக்குக்கும் ஆகும் செலவு ரூ. 10,000 அளவில் அடங்கும். இரண்டு ஆண்டுகளுக்குள் முதல் திரும்பிவிடும்.

இரண்டாவது தடை, வாடகை. அந்தப் பெரியவர் குடியிருப்பது வாடகை வீடு. சூரிய வீடு திட்டத்தின் மானியம், தகுந்த கூரையுடன் கூடிய சொந்த வீடு உள்ளவர்களுக்கு உரியது. கூரைக்கு வெள்ளை அடித்தால் பயன் குடியிருப்பவருக்கு, செலவு உரிமையாளருக்கு. இருவரில் ஒருவரும் முன்வரமாட்டார்கள். விளைவு, ஓய்வூதியம் பெறும் எனக்கு ரூ. 78,000; நாட்டுக்கே பெருமை சேர்த்து, 2005-இல் புவிசார் குறியீடு பெற்ற பட்டை நெய்பவருக்கு ஒன்றுமில்லை. சட்டப்படி இதில் பிழையில்லை, நியாயப்படி உண்டு.

கட்டட விதிகளும் அவரை எட்டவில்லை. வீடுகளுக்குள் வெப்பம் புகுவதைக் கட்டுப்படுத்த 2018-இல் மத்திய அரசு வெளியிட்ட 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' நல்லதொரு நெறிமுறை. கூரை வழியே எவ்வளவு வெப்பம் இறங்கலாம் என்பதற்கும் அதில் வரம்பு உண்டு. ஆனால் அது 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்கே உரியது. இரண்டு கிரவுண்டுக்கும் மேற்பட்ட மனை எந்த நெசவாளரிடம் இருக்கிறது?

அப்படியெனில் செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, கூரை. அரசு நிதியில் கட்டப்படும் ஒவ்வொரு வீட்டிலும் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளை ஓடு அல்லது பூச்சு கட்டாயமாக்கப்பட வேண்டும். 2023-இல் குளிர் கூரைக் கொள்கையை வெளியிட்ட தெலங்கானா, அரசு வீட்டுவசதித் திட்டங்களையும் அதன் வரம்புக்குள் கொண்டு வந்துள்ளது. ஏற்கெனவே உள்ள நெசவாளர் வீடுகளுக்கு, வாடகை வீடாயினும், கோடை தொடங்கும் முன்னர் கூரைக்கு வெள்ளை அடிக்கும் பணியை நகராட்சி முறை அமைப்புகள் மேற்கொள்ளலாம். புதிய வீடுகளில் தரைமட்டத்தை உயர்த்தினால் தறிக்குழியில் நீர் ஊறுவதும் குறையும்.

இரண்டாவது, சிக்கனமான சாதனங்கள். இவற்றைப் பணமாக அன்றிப் பொருளாக, நெசவாளர் கூட்டுறவு சங்கங்கள் வழியே வழங்கலாம். எந்த வீட்டில் எத்தனை தறி ஓடுகிறது என்பதைச் சங்கங்கள் அறியும்.

மூன்றாவது, தறிக்கு ஒரு சிறு சூரிய அமைப்பு. 250 வாட் தகடு ஒன்று, பேட்டரி ஒன்று. அதை வீட்டோடு அல்ல, தறியோடு இணைக்க வேண்டும். வீடு மாறும்போது தறியைப் பெயர்த்துக்கொண்டு போவதுபோல் இதையும் கொண்டு செல்ல முடிய வேண்டும். கோர்வை நெசவில் உடலையும் கரையையும் இருவர் அமர்ந்து இழை இழையாக இணைக்கும் வேளையில், விளக்கு அணைந்தால் வேலையே நின்றுவிடும்.

நான்காவது, சூரிய வீடு திட்டத்தில் சேர்பவர்களுக்கு, மின்தடையின்போது தகடு இயங்காது என்பதை முன்கூட்டியே தெளிவாகச் சொல்ல வேண்டும். சிறு பேட்டரி சேர்ப்பவர்களுக்குத் தனி ஊக்கம் அளிப்பதும் நன்று.

மின் கம்பியை முற்றிலும் துறக்க வேண்டும் என்று நான் வாதிடவில்லை. தெருவில் கம்பம் உள்ள ஊரில், ஆண்டில் சில நாள்களுக்காக வீடு முழுவதற்கும் பேட்டரி வாங்கி அடுக்குவது பணவிரயம். மலைக் கிராமங்களுக்கு அது தேவைப்படலாம், காஞ்சிபுரத்துக்குத் தேவையில்லை. கம்பி இருக்கட்டும், ஆனால், அது அறுந்த இரண்டு நாள்களில் ஒரு விளக்கும் ஒரு மின்விசிறியும் தன்னளவில் இயங்கட்டும். மற்ற நாள்களில் கூரை தன் கடமையைச் செய்யட்டும்.

வெள்ளைப் பூச்சு ஆண்டுதோறும் அழுக்கேறுமே, பேட்டரி சில ஆண்டுகளில் ஓய்ந்துவிடுமே என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான். பசுமை வீடுகளிலும் இன்னபிற திட்டங்களிலும் வழங்கப்படும் எந்தச் சாதனமும், பழுது பார்க்க ஆளில்லாவிட்டால் காட்சிப் பொருளாகிவிடும். அதனால்தான் கூட்டுறவு சங்கத்தை இடையில் நிறுத்துகிறேன். தறியின் பழுதைத் தெருவுக்குள்ளேயே சரிசெய்துகொள்ளும் ஊர் இது. நெசவாளர் வீட்டு இளைஞர்கள் சிலருக்குப் பயிற்சி அளித்தால் பேட்டரிக்கும் அதே ஊரில் ஆள் கிடைப்பார்.

அந்தப் பெரியவரின் கேள்விக்கு இப்போது என்னால் விடை கூற முடியும். 'உங்களுக்கும் கிடைக்க வேண்டும் ஐயா. ஆனால், உங்களுக்கு முதலில் கிடைக்க வேண்டியது தகடு அல்ல. நண்பகலிலும் கீழே அமர்ந்து நெய்யக்கூடிய ஒரு கூரை.' சூரியனிடமிருந்து மின்சாரம் பெறும் வழியை நம் அரசுகள் கற்றுக்கொண்டுவிட்டன. அதே சூரியனிடமிருந்து அவருடைய ஐந்து மணி நேரக் கூலியை மீட்டுத் தரும் வழியையும் அவை கற்க வேண்டும். அடுத்த கோடைக்கு முன்னதாகவே அதைத் தொடங்கலாம்.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).